நிமிர்ந்த முள்ளெலி

செம்மண் மணல்மேடுகளாய்க் கிடந்த தேரியில் முள் நிறைந்த ஓர் உடைமரம் இருந்தது. அதன் வேருக்கடியில் இரண்டு வளைகள் இருந்தன. ஒன்றில் சுருளி என்ற முள்ளெலி குடியிருந்தாள். பக்கத்து வளையில் தாழை என்ற முள்ளெலி. அண்ணனைக் கட்டியவள் சுருளி, தம்பியைக் கட்டியவள் தாழை. ஓரகத்திகள். இரண்டு வளைக்கும் நடுவில் ஒரு சாண் மண்சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

சுருளிக்கு மூன்று குட்டிகள். கடைக்குட்டியின் பெயர் எள்ளு. தாழைக்குப் போன சித்திரையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

முள்ளெலிக்கு ஆபத்து வந்தால் வேகமாக ஓடத் தெரியாது. பறக்கத் தெரியாது. சுருண்டுகொள்ளத் தெரியும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும் இல்லையா, அந்த மாதிரி தலையும் காலும் உள்ளே போய், முதுகுத் தோல் சுற்றி வந்து வயிற்றை மூடிவிடும். வெளியே முழுக்க முள். உள்ளே பத்திரம்.

அதனால் முள்ளெலிகளின் பேச்சுவழக்கே தனி. வாழ்த்தினால் "நல்லாச் சுருண்டு இரு" என்று வாழ்த்துவார்கள். கோபம் தலைக்கு ஏறினால் "நீ நிமிர்ந்துபோக" என்று திட்டுவார்கள். அதற்கு மேல் ஒரு வசவு அவர்களிடம் கிடையாது.

மூன்று பிள்ளை பெற்ற பிறகு சுருளியின் வயிறு சுருக்குக்குள் அடங்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும். எவ்வளவு இழுத்து மூடினாலும் நடுவில் ஒரு நாவற்பழம் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. தேரியில் கீரி நடமாட்டம் உண்டு. கீரியின் மூக்குக்கு நாவற்பழ அளவு இடம் போதும். சுருளிக்கு ராப்பகலாக அதே கவலை.

மரத்தின் மேல் ஓணான் ஒருவர் இருந்தார். விடிந்ததும் கிளையில் ஏறி, முன்கால்களை ஊன்றித் தண்டால் எடுப்பார். கீழே போவார், மேலே வருவார். தேரியில் எல்லாருக்கும் அவர்தான் பயிற்சி வாத்தியார். ஒரு பயிற்சி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். வளையை விட்டு எங்கும் போக வேண்டாம். அவர் கிளையில் இருந்து எண்ணிக்கை சொல்வார். கீழே அவரவர் வாசலில் அவரவர் செய்துகொள்ளலாம். குட்டிகளைப் போட்டுவிட்டு எங்கே போவது என்று தவிக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. வாத்தியாரிடம் ஒரே ஒரு குறை. எண்ணும்போது மேலே பார்த்துத்தான் எண்ணுவார். கீழே யார் செய்கிறார்கள், யார் உட்கார்ந்து எறும்பு தின்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

சுருளி அவரிடம் சுருக்குப் பயிற்சியில் சேர்ந்தாள். மரவட்டை சுருளுவதை உற்றுப் பார்த்து வாத்தியார் உண்டாக்கிய பயிற்சி அது. சுருண்டு, மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, இருபது எண்ணும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். பிறகு விரிய வேண்டும். மறுபடியும் சுருள வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை.

அன்றைய கணக்கு முடிந்ததும் ஓர் உடைமுள்ளை எடுத்து வளைச் சுவரில் குத்தி வைப்பாள். குட்டிக்கு வயிறு சரியில்லாத நாளும் செய்தாள். புருஷன் வண்டு பிடித்து வராத நாள் அரை வயிற்றோடும் செய்தாள். நாற்பத்தெட்டாம் நாள் சுவரில் நாற்பத்தெட்டு முள் வரிசையாக நின்றது. இடைவெளி நாவற்பழத்தில் இருந்து புளியங்கொட்டைக்கு வந்திருந்தது.

தாழையும் அதே நாளில்தான் பயிற்சியைத் தொடங்கியிருந்தாள்.

அன்று சாயங்காலம் சுருளி முள்ளெல்லாம் உதறி, மூக்கைத் துடைத்து, வாசலில் வந்து நின்றாள். யாராவது ஒருத்தர் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அந்த வழியாக முயல் வந்தாள். சுருளியைத் தாண்டிப் பார்த்தாள். பக்கத்து வாசலில் தாழை நின்றாள்.

"அடியாத்தி, தாழை! என்னமா மெலிஞ்சிட்டே? காத்துல ஆடுற கொடி மாதிரில்லா இருக்கே!"

சொல்லிவிட்டு முயல் திரும்பிச் சுருளியிடம், "நீயும் அவளைப் பாத்துச் செய்யேன் மதினி. மூணு பெத்த உடம்புன்னு விட்டுறக் கூடாதுல்லா" என்றாள்.

சுருளிக்கு நாற்பத்தெட்டு முள்ளையும் பிடுங்கி முயலின் நீளக் காதில் குத்தலாம் போல இருந்தது. கரைந்துபோன கொழுப்பு இருந்த இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் தாழை முந்திக்கொண்டாள்.

"அந்தச் சுருக்கெல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு நாள் கணக்காச் செஞ்சு முடிச்சு நாளாச்சு மதினி. நான் இப்ப நிமிர்வுல இருக்கேன். அதான் கஷ்டம். எல்லாருக்கும் வராது."

எல்லாருக்கும் வராது என்று சொல்லும்போது அவள் கண் சுருளியின் வயிற்றின் மேல் வந்து போனது. வந்ததா, சும்மா திரும்பியதா என்று யாருக்குத் தெரியும். வந்தது என்றே சுருளி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டாள். ஒரு மண்டலம் முடிந்தது, அடுத்து எதை எடுக்கலாம் என்று வாத்தியாரைக் கேட்டாள். அவர் கழுத்துப் பையை உப்பிக்கொண்டு மூன்றைச் சொன்னார். தவளையிடம் கற்ற தாவல் பயிற்சி ஒன்று. அவருடைய சொந்தச் சரக்கான நிமிர்வுப் பயிற்சி ஒன்று. அதில் முன்கால் ஊன்றி, முதுகை நேராக்கி, வயிற்றைப் பலகை மாதிரி இறுக்க வேண்டும். இருக்கிறதிலேயே கடுமையானது அதுதான். மூன்றாவது, சுருக்கிலேயே இரண்டாம் மண்டலம்.

"சுருக்கையே இன்னொரு மண்டலம் செஞ்சா புளியங்கொட்டை எள்ளாயிரும். ஆனா பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சுருண்டு கெடக்கிறதை யாரு நின்னு பாக்கப் போறா?" என்றார் வாத்தியார். "உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு."

சுருளிக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியும். மூன்று குட்டிகள், தேரியில் ஒரு கீரி, வயிற்றில் ஒரு புளியங்கொட்டை இடைவெளி. ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"தாழை எதைச் செய்றா?"

"யாரு எதைச் செய்றான்னு நான் குனிஞ்சு பாக்கிறதில்ல."

"நிமிர்வுன்னு அவளே சொன்னா. எனக்கும் அதையே குடுங்க."

"உங்க ஆளுங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே" என்று வாத்தியார் இழுத்தார். சுருளி அதைக் காதில் வாங்கவில்லை. கேட்டால் கொடுப்பதுதானே வாத்தியார் வேலை என்று அவரும் தலையை ஆட்டிவிட்டார்.

வளைக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். தின்றுகொண்டிருந்த வண்டு அவனுக்குத் தொண்டையில் சிக்கியது. நிமிர்வா, அது நம்ம வாயால சொல்லக்கூடிய சொல்லா என்று கேட்டான். உங்கள் தம்பி பெண்டாட்டி சொன்னால் இனிக்கிறது, நான் சொன்னால் மட்டும் கசக்கிறதா என்று சுருளி திருப்பிக் கேட்டாள். அவன் மீதி வண்டை வெளியே எடுத்துப் போய்த் தின்றான்.

முதல் நாள் நூறு நிமிர்வு. முதுகு விண்ணென்று தெறித்தது. ஓய்ந்து படுத்தபோது நடுச்சுவர் வழியாக ஒரு சத்தம் வந்தது.

தொப். தொப். தொப்.

சுருளி காதைச் சுவரில் வைத்தாள். தாழை செய்கிறாள். ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் வயிறு தரையில் படுகிற சத்தம். சுருளி எண்ணினாள். நூற்றிருபது.

எழுந்து இன்னும் முப்பது செய்தாள். கீழே இறங்கும்போது அவளும் வேண்டுமென்றே ஓங்கித் தட்டினாள். கேட்கட்டுமே.

மறுநாள் அந்தப் பக்கம் இருநூறு. இந்தப் பக்கம் இருநூற்றுப் பத்து. அதற்கு அடுத்த நாள் அந்தப் பக்கம் முந்நூறு. குட்டிகளுக்கு எறும்புப் புற்று காட்டப் போக வேண்டிய நேரத்திலும் சுருளி தரையில் தட்டிக்கொண்டு இருந்தாள். வாசலில் சேர்கிற மணலைத் தினமும் காலால் வாரித் தள்ளுவது அவள் வழக்கம். அதுவும் நின்றுபோனது. குனிந்தால் முதுகு இளகிவிடும் என்று ஒரு பயம். வாசலில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டால், "என்னக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று தாழை கேட்பாள். "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பாள் சுருளி. இரண்டு பேரும் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டே பேசுவார்கள்.

பதினைந்து நாளில் பலன் தெரிந்தது. சுருளியின் முதுகு ஈர்க்குச்சி மாதிரி நேரானது. வயிறு பலகையானது. முயல் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, மதினி நடையே மாறிவிட்டதே என்றாள். சுருளி அதைப் பக்கத்து வளைக்குக் கேட்கும்படி இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

வீட்டுக்குள் வேறு ஒன்றும் மாறியிருந்தது. முள்ளெலித் தாய் சுருண்டு படுத்தால் அவள் வயிற்றருகில் ஒரு குழி விழும். குட்டிக்கு அதுதான் தொட்டில். எள்ளு வந்து அந்தக் குழியைத் தேடினாள். முட்டினாள், புரண்டாள், உருண்டு வெளியே விழுந்தாள்.

"அம்மா, உன் மடி எங்க போச்சு?" என்று கேட்டாள்.

பேசாமல் படு என்று சுருளி அதட்டினாள். எள்ளு சுவரோரமாகப் போய், நாற்பத்தெட்டு முள்ளுக்குக் கீழே, தன்னையே சுருட்டிக்கொண்டு தூங்கினாள். சுருளி எழுந்து ஒரு தடவை சுருண்டு பார்க்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் சுவரில் தொப் என்று கேட்டது. முன்கால்களை ஊன்றிவிட்டாள்.

ஆடி பிறந்தது. தேரிக்காட்டில் ஆடிக் காற்று என்றால் சும்மா இல்லை. நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. இன்று இருக்கிற பள்ளம் நாளைக்கு மேடாகிவிடும். அண்ணனும் தம்பியும் இரை தேடிப் பனங்காட்டுப் பக்கம் போயிருந்த ஒரு நாள், மத்தியானத்தில் இருந்து காற்று ஓங்கி அடித்தது. சுருளியின் வாசல் காற்றைப் பார்த்து இருந்தது. வாராமல் விட்ட மணலோடு புது மணலும் சரிந்து உள்ளே இறங்கியது. சுருளி குட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் வளை பாதி மூடிவிட்டது. சிறிது நேரத்தில் வாசல் இருந்த இடமே தெரியவில்லை. தோண்டக் குனிந்தாள். முதுகு வளையவில்லை.

தாழையின் வாசல் அடுத்த வேரின் வளைவில், காற்றுக்கு மறைவாக இருந்தது. பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். ஆனால் அந்தப் பத்து எட்டைச் சுருளியால் வைக்க முடியவில்லை. போய் என்ன சொல்வது? என் வளை மூடிவிட்டது, இடம் கொடு என்றா? முந்நூறு நிமிர்வு செய்கிறவளிடம் போய்? அவள் முகத்தில் வரப்போகிற சிரிப்பை நினைத்தாலே சுருளிக்கு எரிந்தது. புருஷன் வரட்டும் என்று வேரை ஒட்டிக் குட்டிகளோடு நின்றாள். மணல் கண்ணில் அடித்தது. பொழுதும் சாய்ந்தது.

காற்றோடு காற்றாக ஒரு வாடை வந்தது. செம்மண் மேட்டில் கீரி நின்றான்.

"என்ன தாயி, ரொம்ப நிமிர்ந்து நிக்கிறியே" என்றான்.

அவன் நிஜமாகவே பார்த்ததைத்தான் சொன்னான். சுருளிக்கு அது வசவாகக் காதில் விழுந்தது. தன் ஆட்கள் பிறந்ததில் இருந்து கேட்டு நடுங்குகிற வசவு. அதைத்தான் இத்தனை நாளும் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை தனக்குத் தானே கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்குள் எள்ளு கத்தினாள்.

"சித்தி!"

கத்திக்கொண்டே ஓடினாள். மற்ற இரண்டும் அவள் பின்னால் ஓடின. மூன்றும் தாழையின் வளைக்குள் விழுந்தன. சுருளி கடைசியாகப் போய் வாசலில் நின்றுகொண்டாள். கீரி ஒல்லி உடம்புக்காரன். விட்டால் வளைக்குள்ளேயே வந்துவிடுவான். முள்ளெலித் தாய்மார் இந்த நேரத்தில் செய்வது ஒன்றுதான். வாசலில் சுருண்டு, பந்தாகி, அடைத்துக்கொள்வது. முள்ளால் ஆன கதவு.

சுருளி தலையை உள்ளே இழுத்தாள். வரவில்லை. வயிற்றை இழுத்தாள். பலகை மடங்குமா? முதுகு நரம்பெல்லாம் தெறிக்க இழுத்துப் பார்த்தாள். பாதி வளைந்து அப்படியே நின்றுவிட்டாள். நாவற்பழம் எங்கே, புளியங்கொட்டை எங்கே. இப்போது இருந்த இடைவெளியில் கீரியின் தலையே நுழையும்.

கீரி நிதானமாக வந்தான். எட்டிப் பார்த்தான்.

"இப்படி வாசலைத் தெறந்து வெச்சு வரவேற்ற முள்ளெலியை நான் கண்டதில்ல தாயி" என்றான். அவளைத் தாண்டி உள்ளே மோந்தான். "பின்னால மூணு. பிஞ்சு."

சுருளியின் வயிற்றில் அவன் மூச்சு சுட்டது. "தாழை, குட்டிகளைப் பின்னால தள்ளு" என்று மட்டும் சொன்னாள். அத்தனை நாளில் அவளிடம் எதையும் கேட்காதவள் முதல் தடவையாகக் கேட்டது அதுதான்.

தாழை குட்டிகளை மூலையில் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். அவளும் சுருண்டாள். சுருண்டவளுக்கும் நடுவில் ஒரு நாவற்பழம் அளவு இடைவெளி நின்றது. கீரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு சுருக்குப்பை, இரண்டுக்கும் வாய் மூடவில்லை.

"அக்கா, என் வயித்தோட உங்க வயித்தை வைங்க" என்றாள் தாழை.

"என்னது?"

"வாயோட வாயை வெச்சு மூடுங்கக்கா. கேள்வி அப்புறம்!"

சுருளி அவளைக் கட்டிப் பிடித்தாள். பையின் வாய்க்கு வாய் பொருந்தியது. ஒருத்தியின் முள் மற்றவளைக் குத்தியது. இரண்டு பேரும் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டு அரைப்பந்தும் சேர்ந்து ஒரு முழுப்பந்தாகி, வாசலில் கல் மாதிரி இறுகியது.

கீரி மூக்கை வைத்தான். குத்தியது. இடப்பக்கம் வந்தான், வலப்பக்கம் வந்தான். காலால் பிறாண்டினான். காலிலும் ஏறியது முள். சரி, எவ்வளவு நேரம் இப்படி இருப்பார்கள் என்று எதிரில் உட்கார்ந்துகொண்டான்.

பந்துக்குள்ளே இருவரும் மூக்கோடு மூக்கு வைத்து இருந்தார்கள். வேறு எங்கும் பார்க்க வழி இல்லை. கல்யாணம் ஆகி வந்த நாளில் இருந்து அவ்வளவு பக்கத்தில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது இல்லை.

"முந்நூறு செய்றவளுக்கு ஏன்டி வயிறு மூடல?" என்றாள் சுருளி.

தாழை மூக்கைத் திருப்பப் பார்த்தாள், இடம் இல்லை.

"கேக்கேன்லா."

"நான் எங்கக்கா செஞ்சேன்? சுருக்குலயே பத்தொன்பதாம் நாள் விட்டுட்டேன். மூச்சுப் பிடிக்க முடியல. சுவத்துல பத்தொன்பது முள்ளுதான் இருக்கு, வேணும்னா எண்ணிப் பாருங்க."

"பின்ன அந்தச் சத்தம்?"

"பனங்கொட்டை. உக்காந்த எடத்துல தரையில தட்டுனேன். நீங்க தெனமும் செய்றது எனக்குக் கேக்கும். நாப்பத்தெட்டு நாளும் கேட்டுச்சு. ஒரு நாளாவது நிறுத்துவீகன்னு பாத்தேன். நிறுத்தவே இல்ல."

"அப்ப எப்படிடி மெலிஞ்ச?"

"வயித்தெரிச்சல்தான்" என்றாள் தாழை. "மூணு குட்டியையும் பாத்துக்கிட்டு, எரையும் தேடிக்கிட்டு, பயிற்சியும் முடிச்சிட்டீகளேன்னு. சோறு எறங்கல, வயித்தை இழுத்து மூடத் தெம்பும் இல்ல. அதுல மெலிஞ்சதை முயல் மதினி பயிற்சின்னு நெனச்சிட்டாக. நானும் ஆமான்னுட்டேன். எனக்குத் தெரிஞ்சதுல பெரிய சொல்லு நிமிர்வுதான். அதைச் சொன்னேன். நீங்க அதைப் போய்ச் செய்வீகன்னு நான் கண்டேனா?"

வெளியே காற்று ஊளையிட்டது. சுருளிக்குக் கோபம் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. சிரித்தால் பிடி தளரும் என்று அடக்கிக்கொண்டாள்.

"இப்ப நான் சுருள முடியாம நின்னதைப் பாத்தியே. சந்தோஷமா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் தாழை. "ஒரு நொடி. அப்புறம் எள்ளு என் கால்ல வந்து ஒட்டிக்கிச்சு."

"பனங்கொட்டைக்கு எதிரா முந்நூத்திப் பத்து செஞ்சேன்டி நான்! மடியில எம்புள்ளைக்கு எடம் இல்லாம போச்சு."

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சுக்கா."

இது இப்படியே போனது. யார் முதலில் யாரைப் பார்த்தது, யார் எதற்காக முகத்தைத் திருப்பியது, கல்யாணத்தன்று பெரிய வண்டு யார் இலையில் விழுந்தது என்று பேச்சு நீண்டது. பிடியை மட்டும் இருவரும் விடவில்லை. பேசப் பேச இன்னும் இறுகியது. எதிரில் உட்கார்ந்திருந்த கீரிக்குக் காது வலித்தது. மூக்கில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தான்.

"ஓரகத்தி சண்டைக்குள்ள மூக்கை நுழைச்சது என் தப்பு" என்று சொல்லிவிட்டு மேட்டின் மேல் ஏறிப் போனான்.

அண்ணனும் தம்பியும் வந்தபோது வாசலில் ஒரு பெரிய பந்து கிடந்தது. உள்ளே இருந்து இன்னும் பேச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரையும் பிரித்து எடுப்பதற்குள் அவர்களுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

ஆடிக் காற்று அடங்கும்வரை எல்லாரும் தாழையின் வளையிலேயே இருந்தார்கள். பனங்கொட்டை குட்டிகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆனது. அவர்கள் அதைத் தொப் தொப் என்று தட்டும்போதெல்லாம் சுருளி ஒரு முறை முறைப்பாள். தாழை வேறு பக்கம் பார்ப்பாள்.

காற்று நின்ற அன்று காலையில் வாத்தியார் கிளையில் ஏறினார். நிமிர்வில் இன்னும் சில நாள்தான் பாக்கி, முடித்துவிட்டு அடுத்து எதை எடுக்கப் போகிறாய் என்று சுருளியைக் கேட்டார்.

"இருங்க வாத்தியாரே, என் வயித்தைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் சுருளி.

கேட்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தாள். சுருண்டு கிடக்கிற முள்ளெலிக்குத் தன் இடைவெளி தன் கண்ணுக்குத் தெரியாது. எதிரில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். பொறாமைக்கண் என்றால் இன்னும் துல்லியமாகத் தெரியும். சுருளி முடிந்த மட்டும் சுருண்டாள். தாழை ஒரு நாவற்பழத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். தாராளமாக நுழைகிறது, ஓரத்தில் இடம் மிச்சம் வேறு இருக்கிறது என்று கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னாள். அடுத்து தாழை சுருண்டாள். சுருளி அளந்தாள். உனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று சொன்னாள்.

இரண்டு பேரும் சுருக்குப் பயிற்சியை முதல் நாளில் இருந்து தொடங்கினார்கள். அண்ணனும் தம்பியும் சுருளியின் வளையை மூடிய மணலை வாரிக் கொடுத்ததும், ஓரகத்திகள் நடுச்சுவரில் ஒரு துளை போட்டார்கள். எண்ணிக்கை சரியா என்று பார்க்கத்தான் துளை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். இருபதாம் நாள் தாழைக்கு மூச்சு முட்டியது. விட்டுவிடலாமா என்று பார்த்தாள். துளை வழியாகச் சுருளியின் கண் தெரிந்தது. விடவில்லை.

முதுகு பழையபடி வளைய ஒரு மண்டலம் போதவில்லை, இரண்டு பிடித்தது. இரண்டாவதைப் பார்த்து யாரும் பாராட்டவில்லை. முயல் வந்தாள், பார்த்தாள், முன்பு இருந்த நடை இப்போது இல்லையே மதினி என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் சுருளி சுருண்டு படுத்தாள். வயிற்றருகில் குழி விழுந்தது. எள்ளு வந்து முட்டிப் பார்த்து, உள்ளே இறங்கி, மூக்கை மறைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். வெளியில் இருந்து பார்த்தால் ஒரே பந்து. இடைவெளி எங்கே என்று தாழை சுற்றிச் சுற்றித் தேடினாள். நுழைப்பதற்குக் கையில் ஓர் எள் வைத்திருந்தாள். அதற்கு வழி கிடைக்காமல் அதைத் தானே தின்றுவிட்டாள்.

ஒரு பயிற்சியை முடித்து அடுத்ததைத் தேடுகிறவர்கள், பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டுத் தேர்ந்தெடுக்காமல், தங்கள் உடம்பில் இன்னும் எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.